சம்பந்தி வராத வாசல்

இதோ அந்த பஸ் மறுபடியும் வந்துவிட்டது, இனி என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம், கதவு புஸ்ஸென்று திறக்கும், மீசைக்கார டிரைவர் இறங்குவார், அம்மாவைப் பார்த்து வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்து "ஃபர்மூ" என்பார், வாங்க என்று அர்த்தம், அக்கா போனில் சொல்லிக்கொடுத்த நாலைந்து குர்து வார்த்தைகளில் அது ஒன்று, அம்மா உடனே முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வாள், அவர் என்னைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன், கதவு மூடும், பஸ் காலியாகப் போகும். ஈராக்கில் குர்துக்காரர்கள் ஊரான எர்பில், அதன் விமான நிலையத்தின் வாசல் இது. எங்களோடு பிளேனில் வந்த அத்தனை பேரும் அந்த பஸ்ஸில் ஏறிப் போயாச்சு, தொண்டை கிழிய அழுத கைக்குழந்தைகூடப் போயாச்சு, நானும் அம்மாவும் மூணு பெட்டியும், அம்மா மடியில் வைத்துக்கொண்டு யாரையும் தொடவிடாத சீர்ப் பையும் மட்டும் இந்த இரும்பு நாற்காலியில் இருக்கிறோம், இரும்பு என்றால் ஐஸ் இரும்பு, சங்கரன்கோவிலில் பங்குனி மாசம் இரும்பில் உட்கார்ந்தால் தோசை வார்த்த மாதிரி இருக்கும், இங்கே அதே பங்குனியில் உட்கார்ந்த இடம் மரத்துப்போச்சு. விஷயம் ஒன்றும் கஷ்டமே இல்லை. கூட்டிப்போக வருகிறவர்கள் இந்தக் கட்டடம் வரைக்கும் வரக் கூடாது, பாதுகாப்பு. கொஞ்ச தூரத்தில் அவர்களுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது, அங்கேதான் நிற்கணும், இறங்கியவர்களை இந்த பஸ் கொண்டுபோய் அங்கே விடும், காசு கிடையாது, கண்ணாடியில் இங்கிலீஷில் எழுதி அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாவதில் கெமிஸ்ட்ரி போய், திரும்ப எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற எனக்கே புரிகிறது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, அதுதான் கஷ்டம். "புரியுதுட்டி கோமு. ஆனா சம்பந்தி வாசலுக்கு வந்து வாங்கன்னு சொல்லாம, நானா ஒரு பஸ்ஸப் பிடிச்சி மக வீட்டுக்குப் போயி நிக்கவா? ஏன், அப்படியே வேலைக்கு ஆள் வேணுமான்னும் கேட்டுருதேன்." இதை அவள் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை போட்டு முடிந்திருக்கும், அவள் ஊசியில் நூல் கோக்கிற குரலில் சொன்னாள், அந்தக் குரலோடு சண்டை போட முடியாது.

சம்பந்தி என்று அவளே சொல்லிவிட்டாளே, அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை, இரண்டு வருஷமாக அந்த வார்த்தை எங்கள் வீட்டில் கிடையாது. மாப்பிள்ளை கிடையாது, செண்பா என்ற பேரே கிடையாது, அக்காவுக்கு "அவ" என்றுதான் பேர். அவ நர்ஸ் வேலைக்கென்று இந்த ஊருக்கு வந்தாள், இங்கேயே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ரேபினைப் பிடித்துப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டாள், பண்ணின பிறகுதான் சொன்னாள், போட்டோவை என் போனுக்குத்தான் அனுப்பினாள், அம்மா அதை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு "மாலைகூடப் போடல" என்று போனைக் குப்புறக் கவிழ்த்தாள், அன்றைக்குப் பேச்சு நின்றது. நின்றது என்றால் நேர்ப் பேச்சுதான், என் வழியாக ஒரு நாளும் நின்றதில்லை, அவகிட்டச் சொல்லு தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட அந்தக் குளிர்ல திரியாண்டாம்னு, அம்மாகிட்டச் சொல்லு பிரஷர் மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாதுன்னு, அவகிட்டச் சொல்லு எனக்குப் புத்தி சொல்லாண்டாம்னு, அம்மாகிட்டச் சொல்லு நான் நர்ஸ் அதனால சொல்லுவேன்னு, நான் நடுவில் உட்கார்ந்து அம்மா ஊருக்குத் தைத்துக்கொடுக்கிற ஜாக்கெட்டுக்கெல்லாம் கொக்கி தைத்துக்கொண்டே இதெல்லாம் சொல்லணும், ஒரே அறையில் போன் ஸ்பீக்கரில் இருக்கும், இரண்டு பேருக்கும் இரண்டு பேர் குரலும் கேட்கும், அப்போதும் நான் சொல்லணும். படிப்பை விட்டதிலிருந்து எல்லாரும் அடுத்து என்ன செய்யப்போற என்று கேட்கிறார்கள், நான் ஏற்கெனவே முழுநேர வேலையில்தான் இருந்தேன், தபால் வேலை, லீவு இல்லை. அதனால்தான் ரேபின் டிக்கெட் அனுப்பினபோது அம்மாவை விட நான்தான் குதித்தேன், இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டால் என் வேலை போய்விடும், இந்த உலகத்தில் வேலை போவதற்காகப் பிளேன் ஏறினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா போட்ட ஒரே நிபந்தனை, "அவுக முறையா வந்து கூப்பிட்டா உள்ள போவேன். இல்லன்னா வந்த பிளேன்லயே திரும்பிருவேன். ஆம்பள இல்லாத வீடுன்னு யாரும் நம்மள லேசா நினைச்சிரக் கூடாது." அப்பா செத்த நாளிலிருந்து அவளுக்கு எல்லா முறையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கணும், ஒரு நூல் கூடக் கூடாது, குறையக் கூடாது. நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன், அக்கா "எல்லாரும் வருவோம், நீங்க பஸ்ல ஏறி வந்துருங்க" என்றாள், அதையும் அப்படியே அம்மாவிடம் சொன்னேன், அம்மா தலையாட்டினாள், இப்போதுதான் தெரிகிறது அவள் மனசுக்குள் வேறு பஸ் ஓடியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வாழைமரம் கட்டி வருவார்களே அந்தக் கல்யாண பஸ், சம்பந்தியம்மா முன்சீட்டிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடிப்பாள் என்று. இங்கே வந்தது உட்கார இடமே அதிகமில்லாத, நின்றுகொண்டு போகிற வெள்ளை பஸ்.

கோபம் கோபமாக வருகிறது, ஆனால் இந்த ஊர் கோபப்படவும் விடவில்லை, அதையும் சொல்லணும். எதிர்த்த வீட்டு ஆவுடைச்சி அத்தை "ஈராக்கா? அங்க குண்டு போடுவானே, ஒட்டகமும் மண்ணுமால்லா இருக்கும்" என்று வழியனுப்பினாள், நான் ராத்திரியெல்லாம் மணலும் டாங்கியுமாகக் கனவு கண்டு வந்தால், இங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை, வேலிக்கு அந்தப் பக்கம் புல், புல்லுக்குள் சிவப்பாகச் சின்னச் சின்னப் பூ, தூரத்தில் ஒரு மலை, அதன் தலையில் வெள்ளையாக என்னமோ கொட்டிக்கிடக்கிறது, மேகம் என்று நினைத்தேன், அசையவே இல்லை, அப்புறம்தான் பனி என்று புரிந்தது. நான் பனியைப் பார்த்துவிட்டேன். கரிசல் காட்டில் பிறந்து ஃபிரிட்ஜில் மட்டும் பனி பார்த்தவள். அம்மாவிடம் சொன்னேன், "எங்க" என்று உடனே பார்த்தாள், கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்த உடனே தான் கோபத்தில் இருப்பது ஞாபகம் வந்து "எதுக்குட்டி இப்ப அது" என்றாள். ஆனால் டிரைவர் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்ப அவளுக்கு அந்த மலைதான் வசதியாக இருக்கிறது, திருப்பினபிறகு கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறாள், நான் கவனிக்காமல் இல்லை. பயம் ஒன்றும் இல்லாமலும் இல்லை. போன் சும்மா கிடக்கிறது, நம்ம சிம் இங்கே செத்துப்போச்சு, இங்கத்திய வைஃபை நம்பர் கேட்டு அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்புகிறது, செத்த சிம்முக்கு மெசேஜ் எப்படி வரும், இதை யோசித்தவன் கெமிஸ்ட்ரி பாஸாகியிருப்பான். அந்தப் பக்கம் அக்கா நிற்கிறாளா, நின்று நின்று அம்மா வரவில்லை என்று நினைத்துவிட்டாளா, அழுவாளா, அக்கா அழுதால் மூக்கு மட்டும் சிவக்கும், இல்லை மாமியார்க்காரி வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டாளா, குலாலா என்று பேர், பெரிய பெண்களைப் பேருக்குப் பின்னால் கான் சேர்த்துக் கூப்பிடுவார்களாம், குலாலா கான், அக்கா சொல்லும்போதெல்லாம் ஏதோ ராஜா பேர் மாதிரி இருக்கும், அவளுக்கும் ஒரு முறை இருக்குமே, மருமகளைப் பெத்தவள் இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை, நான் எதற்குப் போய் நிற்கணும் என்று அவளும் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அப்படியென்றால் முடிந்தது, சாகிறவரைக்கும் எனக்குத் தபால் வேலைதான். "அடுத்த பிளேன் எப்ப?" என்று அம்மா கேட்டாள். "தெரியாது." "கேட்டுட்டு வா." "எனக்குக் கால் வலிக்கி." "பொய்." "ஆமா பொய். கேக்க மாட்டேன்." அவள் என்னை முறைத்தாள், நான் பனியைப் பார்த்தேன், இரண்டு பேரும் முகம் திருப்ப ஒரே மலை போதுமானதாக இருந்தது. அவள் தொண்டையைச் செருமினாள், காலையிலிருந்து தண்ணி குடிக்கவில்லை, பிளேனில் கொடுத்த பெட்டியைத் திறக்கவே இல்லை, உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, சேலைக்கு மேல் போட்ட சிவப்பு ஸ்வெட்டரும் தலையில் சுற்றின துண்டும், காதில் மட்டும் கல் தோடு, சம்பந்தி பார்ப்பாள் என்று பிளேன் இறங்குகிறபோதுதான் மாட்டினாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் போக விரும்பாமல் உட்கார்ந்திருக்கவில்லை, யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஓடிவிடத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

பஸ் வந்துவிட்டது. கதவு, புஸ், மீசை. ஆனால் இந்தத் தடவை அவர் நெஞ்சில் கை வைக்கவில்லை, கையில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது, இன்னொரு கையில் இடுப்புச் சிறுத்த இரண்டு கண்ணாடி டம்ளர், எங்கள் முன்னால் வந்து குத்த வைத்து உட்கார்ந்து பெட்டியின் மேலேயே டம்ளரை வைத்து ஊற்றினார், பால் இல்லாத டீ, கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சினால் வரும் நிறம், ஆவி அம்மாவின் முகத்துக்கு நேராக எழுந்தது, ஏலக்காய் வாசம். அவர் டம்ளரை நீட்டினார், அம்மா வாங்கிவிட்டாள். கை தானாக நீண்டது, அவளுக்கே தெரியாமல், குளிரில் கை சூட்டைத் தேடிப் போயிருக்கும். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய். சர்க்கரை கொட்டி வைத்திருக்கிறார்கள், நானும் குடித்தேன், காதுவரை சூடு ஏறியது, நாள் முழுக்க வாயில் இருந்த பிளேன் வாசனை போச்சு, உலகம் பரவாயில்லை என்று தோன்றியது. டம்ளர் பாதி ஆனபிறகுதான் அவர் கையை நீட்டி ரோடு போகிற திசையைக் காட்டிச் சொன்னார், "சாய், குலாலா கான்." மறுபடி, நான் மரமண்டை என்று நினைத்து மெதுவாக, "குலாலா கான்." எனக்குப் புரிந்துவிட்டது, அங்கே நின்றவர்கள் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள், இரண்டு இந்தியப் பொம்பளைகள் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். "என்னட்டி சொல்லுதாரு?" "டீ யார் கொடுத்துவிட்டதுன்னு சொல்லுதாரு." "யாரு?" "உன் சம்பந்தி." அம்மா டம்ளரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எத்தனை வயசானாலும் மறக்கமாட்டேன், திருடப் போன வீட்டில் தூங்கிப்போனவள் முழிக்கிற மாதிரி முழித்தாள். "குடிச்சிட்டேனேட்டி." "ஆமா, குடிச்சிட்ட." "கை நனைச்சாச்சே." எங்கள் பக்கம் அது பெரிய விஷயம், சம்பந்தம் பேசப் போன வீட்டில் எல்லாம் சரிப்பட்டு வரும்வரை பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டார்கள், தொட்டால் உறவு, அப்புறம் பின்வாங்கினால் கேவலம், அக்காவுக்கு முன்னால் ஒரு இடம் பார்க்கக் கடையநல்லூர் போனபோது உச்சி வெயிலில் பட்டுச்சேலையில் உட்கார்ந்து அந்த வீட்டு மோரைத் தொடாமல் வந்து பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தவள் என் அம்மா. "அவுக கொடுத்தனுப்பினதுன்னு எனக்குத் தெரியாதே. கணக்கில்ல," என்றாள். "கணக்குத்தான்," என்றேன். "நீ சும்மா கெட." "டிரைவர் சாட்சி." அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மலையைப் பார்க்கவில்லை. "இங்க வர முடியலன்னுதான டீயை அனுப்பியிருக்காவ," என்று டம்ளருக்குள்ளேயே சொன்னாள், அப்புறம் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், சீர்ப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எடுட்டி பெட்டிய. கை நனைச்ச பிறகு உக்காந்திருந்தா மரியாதையா இருக்காது." அப்படியே போய் பஸ்ஸில் ஏறினாள், ஏறுவதற்கு முன்னால் டிரைவரைப் பார்த்து நின்று, கொஞ்சம் யோசித்து, நெஞ்சில் கையை வைத்தாள். மூணு பெட்டியையும் நான் ஒருத்தியே தூக்கினேன், ஒன்றும் கனக்கவில்லை, கனத்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஓடியது கொஞ்ச நேரம்தான், அதற்குள் எனக்கு ஆயிரம் யோசனை, அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள், உட்காருங்க என்று டிரைவர் காட்டியும் உட்காரவில்லை, சேலை மடிப்பு கசங்கும், கண்ணாடிக்கு வெளியே பச்சை ஓடுகிறது, அம்மாவின் உதடு ஏதோ ஒத்திகை பார்க்கிறது, என்ன சொல்லப்போகிறாள், மாலைகூடப் போடல என்று ஆரம்பித்தால் போச்சு, நான் கேட்டேன், "அக்காவைப் பாத்ததும் என்ன சொல்லுவ?" "அதை உன்கிட்டச் சொல்லுதேன், நீ சொல்லு." எனக்குப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் சத்தம் கேட்டது, முதலில் எஞ்சின் என்று நினைத்தேன், டும் டும் என்று வயிற்றில் இடிக்கிறது, அதற்கு மேல் ஒரு பீப்பீ இழுக்கிறது, அம்மா நிமிர்ந்தாள், "மேளம்லா கேக்கு? யார் வீட்டுக் கல்யாணம்?" நாதஸ்வரம் மாதிரியே, ஆனால் நாதஸ்வரத்துக்குப் பேய் பிடித்த மாதிரி, பஸ் நின்றது, கதவு திறந்தது, மேளம் முகத்தில் அறைந்தது, கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஒரு ஊரே நிற்கிறது, ஜிகினா வைத்த நீள நீள உடுப்பில் பெண்கள், மஞ்சள், ஊதா, மயில் பச்சை, பிளாஸ்டிக் சுற்றின பூங்கொத்து என் உயரத்துக்கு, தோளில் பெரிய மேளம் மாட்டின ஒருத்தர், எங்களுக்காகத்தான், ஏனென்றால் ரேபின், போட்டோவில் பார்த்ததைவிடக் காது பெரிசாக, கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார். அவர்களுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, இதற்கு மேல் வரக் கூடாது என்று காவலர் நிற்கிறார், அந்தக் கயிற்றில் வயிறு முட்ட, இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் கயிறு அறுந்துவிடும் போல ஒரு குண்டு அம்மா நிற்கிறாள், தலையில் வெள்ளைத் துணி, முகமெல்லாம் வேர்வை, இரண்டு கையும் நீட்டினபடி, யாரும் சொல்ல வேண்டாம், அதுதான் குலாலா கான், எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ. அம்மா அந்தக் கயிற்றைப் பார்த்தாள், கயிற்றை முட்டுகிற வயிற்றைப் பார்த்தாள், "அவுக வரக்கூடிய வாசல் இதுதான் போல," என்று சொல்லிவிட்டு நடந்தாள், நடக்கவில்லை, ஓடினாள், ஸ்வெட்டரும் கல்தோடும் துண்டுமாக, அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. குலாலா கான் கயிற்றுக்கு மேலேயே அவளை அள்ளினாள், இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம், தன் பாஷையில் என்னென்னவோ கொட்டினாள், அம்மா தன் பாஷையில் "உங்க டீயக் குடிச்சிட்டேன், மன்னிச்சிக்கிடுங்க" என்றாள், இரண்டு பேரும் தலையாட்டினார்கள், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி. மேலிருந்து மழை மாதிரி மிட்டாய் விழுந்தது, யாரோ கை கையாக அள்ளிப் போடுகிறார்கள், அம்மா மிதிபட்டுவிடுமே என்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள், அவளை நிமிர்த்தி நிறுத்தினார்கள், நிமிர்ந்த இடத்தில் அக்கா நின்றாள். நீலத்தில் வெள்ளி ஜிகினா வைத்த உடுப்பு, எங்கள் செண்பாவா என்று இருந்தது, மூக்கு மட்டும் சிவந்திருந்தது. ஆ, செண்பாதான்.

நான் அங்கே போகணும். தெரியும் எனக்கு, அம்மா இப்போது என்னைத் தேடுவாள், தேடுகிறாள், கழுத்தைத் திருப்பி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள், வாட்டி என்று கண்ணால் கூப்பிடுகிறாள், ஆனால் என்னை யாரோ பிடித்துவிட்டார்கள், வலது கையில் மயில் பச்சை, இடது கையில் ஊதா, விரலோடு விரல் கோத்துத் தோளோடு தோள் ஒட்டி ஆடுகிற ஒரு வரிசை, வரிசை முழுக்க ஒரே ஆள் மாதிரி தோளைக் குலுக்குகிறது, நான் விடுங்க என்றேன், தமிழில்தான், அவர்கள் சிரித்தார்கள், இன்னும் இறுக்கினார்கள், மேளக்காரர் என் முகத்துக்கு நேரே வந்து அடிக்கிறார், பீப்பீ காதைப் பிய்க்கிறது, வரிசை நகர்கிறது, நானும் நகர்கிறேன், தள்ளிக்கொண்டே போகிறது, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பூங்கொத்தும் தலையும் மேளமும் வந்துவிட்டது. தலைகளின் சந்து வழியாகப் பார்க்கிறேன். அம்மா நான் வரமாட்டேன் என்று தெரிந்ததும், கொக்கி வைக்க இடம் தெரியாத ஜாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி அக்காவைப் பார்த்தாள், அப்புறம் வாயைத் திறந்தாள். அக்காவுக்குக் கேட்கவில்லை போல, குனிந்து காதைக் கொடுத்தாள். அம்மா அந்தக் காதைப் பிடித்தாள், பிடித்துக்கொண்டே பேசினாள், நிறையப் பேசினாள், அக்கா நிமிர்ந்து ஏதோ பதில் சொன்னாள், அம்மா கையை ஓங்கினாள், அடிப்பாள் என்று பார்த்தால் அக்கா முடியில் மாட்டியிருந்த மிட்டாயை எடுத்துப் பிரித்து அவள் வாயிலேயே போட்டாள், இரண்டு பேர் வாயும் நிற்கவில்லை, ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருத்தி சொல்வதை ஒருத்தி கேட்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. மேளம் அப்படி. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலையும் இல்லை. ஊதாக்காரி என் காலைக் காட்டி என்னமோ திட்டினாள், நான் வரிசையைக் கெடுக்கிறேனாம், சரி, இரண்டு அடி முன்னால், ஒரு உதை, ஒரு அடி பின்னால், இதில் முதலில் வைக்கிறது இடது காலா வலது காலா.